பள்ளத்தாக்கைக் காப்பாற்றிய படங்கள்

கோவேறு கழுதை முதுகில் கண்ணாடிச் சுமை! இரண்டு போட்டோக்காரர்களின் கதை

ஒரு போட்டோவினால் என்ன செய்ய முடியும்? கல்யாண வீட்டில் மாலையும் கழுத்துமாக நின்றவர்களைப் பிற்காலத்தில் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டும். காலமான பெரியவரின் முகத்தை வீட்டுச் சுவரில் நிலைநிறுத்தும். ஆனால் ஒரு மலையையும், ஒரு அருவியையும், ஒரு காட்டையும் காப்பாற்ற அதனால் முடியுமா?

முடியும். அமெரிக்காவில் அப்படி நடந்திருக்கிறது.

அதைச் செய்தவர் படை வைத்திருந்த தளபதி அல்ல. பணம் படைத்த கோடீசுவரரும் அல்ல. ஒரு காமிராவைத் தூக்கிக்கொண்டு மலை ஏறிய சாதாரண மனிதர். அவர் பெயர் கார்ல்டன் வாட்கின்ஸ்.

இயற்கைக் காட்சிகளைப் படம் பிடிக்கும் கலை எப்படி வளர்ந்தது, அதை எப்படிக் கற்றுக்கொள்வது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், இவர் கதையையும் இவருக்குப் பின் வந்த இன்னொருவர் கதையையும் தெரிந்துகொண்டால் போதும்.

அதிசயப் பள்ளத்தாக்கு

அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ளது கலிபோர்னியா மாநிலம். அங்கே மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. யோசெமிட்டி என்று பெயர். நீளம் சுமார் 7 மைல். அகலம் ஒரு மைலுக்குள்தான்.

இரு பக்கமும் செங்குத்தான பாறைகள். ஒரு பாறை தரையிலிருந்து 3,000 அடி உயரத்துக்குச் சுவர் போல நிற்கிறது. இன்னொன்று, பெரிய பானையைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்து வைத்தது போல இருக்கும். "அரைக் கோளப் பாறை" என்று பொருள்படும் பெயர் அதற்கு. அங்குள்ள ஓர் அருவி, மூன்று கட்டமாக மொத்தம் 2,425 அடி கீழே விழுகிறது.

பக்கத்தில் ஒரு தோப்பு. அங்கே உள்ள மரங்கள் உலகத்திலேயே மிகப் பெரியவை. ஒரு மரத்துக்கு வயது சுமார் 3,000 என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

மரத்தின் மேல் நடனம்!

1848-ம் ஆண்டில் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. உடனே ஆயிரம் ஆயிரமாக ஜனங்கள் அங்கே ஓடினார்கள். தங்கம் தேடி வந்தவர்களின் கண் காடுகளின் மீதும் விழுந்தது.

1853-ம் ஆண்டில், காலவேரஸ் என்ற இடத்தில் இருந்த ராட்சத மரம் ஒன்றை வெட்டிச் சாய்த்தார்கள். எதற்காக? வேடிக்கை காட்டுவதற்காக! மீதி நின்ற அடிக்கட்டை ஒரு மண்டபத் தரை போல அகலமாக இருந்தது. அதன் மேல் ஏறி நின்று ஆணும் பெண்ணும் நடனம் ஆடினார்கள்! அடுத்த ஆண்டில் இன்னொரு மரத்தின் பட்டையை உயிரோடு உரித்து, பொருட்காட்சிக்கு அனுப்பினார்கள்.

இப்படியே விட்டிருந்தால் யோசெமிட்டியின் கதி என்ன ஆகியிருக்கும்? அந்த நேரத்தில்தான் வாட்கின்ஸ் வந்தார்.

ஆள் இல்லாத கடையில்...

வாட்கின்ஸ் 1829-ம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். இளைஞராக இருந்தபோது பிழைப்புத் தேடி கலிபோர்னியா போனார். அங்கே ஒரு கடையில் வேலை பார்த்தார். போட்டோத் தொழில் அவருக்குத் தெரியாது.

ஒரு போட்டோ ஸ்டூடியோவில் படம் எடுக்கும் ஆள் திடீரென்று வேலையை விட்டுப் போய்விட்டான். "வேறு ஆள் கிடைக்கும் வரை நீ நின்றுகொள். படம் எடுப்பது போல் பாவனை செய். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்" என்று முதலாளி வாட்கின்ஸை நிறுத்தி வைத்தாராம். பாவனை செய்ய வந்தவர் தொழிலையே கற்றுக்கொண்டு விட்டார்! அவர் தொழிலுக்கு வந்த கதையை இப்படித்தான் சொல்வார்கள்.

முதல் போட்டோவே இயற்கைக் காட்சி!

அந்தக் காலத்தில் போட்டோ பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது.

காமிராவால் எடுத்து இன்றுவரை அழியாமல் இருக்கும் மிகப் பழைய படம் எது தெரியுமா? அதுவும் ஒரு காட்சிப் படம்தான். பிரான்சு நாட்டைச் சேர்ந்த நியெப்ஸ் என்பவர், 1826 அல்லது 1827-ம் ஆண்டில், தம் வீட்டு மாடி ஜன்னல் வழியாகத் தெரிந்த கூரைகளையும் மரத்தையும் பிடித்தார். ஒரே படம் எடுக்கப் பல மணி நேரம் காமிராவைத் திறந்தே வைத்திருந்தார்.

பிறகு 1839-ம் ஆண்டில், தாகேர் என்ற பிரெஞ்சுக்காரரின் முறை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. அதில் படம் தெளிவாக விழுந்தது. ஆனால் ஒரு படம் எடுத்தால் ஒன்றுதான். பிரதி எடுக்க முடியாது.

1851-ம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆர்ச்சர் என்பவர், கண்ணாடியில் நெகட்டிவ் எடுக்கும் முறையை வெளியிட்டார். ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம். வாட்கின்ஸ் கையாண்டது இந்த முறைதான்.

மலை உச்சியில் இருட்டுக் கூடாரம்

இந்த முறையில் ஒரு பெரிய தொந்தரவு இருந்தது.

கண்ணாடியின் மேல் பிசின் போன்ற ஒரு திரவத்தைச் சீராக ஊற்ற வேண்டும். அதை வெள்ளி உப்புக் கரைசலில் முக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் காமிராவில் பொருத்திப் படம் எடுக்க வேண்டும். உடனே இருட்டில் வைத்துக் கழுவ வேண்டும். காய்ந்து போனால் எல்லாம் வீண்! கால் மணி நேரத்துக்குள் வேலை முடிய வேண்டும்.

அப்படியானால், படம் எடுக்கப் போகிறவர் எங்கே போனாலும் இருட்டறையும் கூடவே போக வேண்டும் அல்லவா? ஆமாம். கூடாரம், மருந்துப் புட்டிகள், தண்ணீர்த் தொட்டி, கண்ணாடிகள் எல்லாவற்றையும் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றிக்கொண்டு போனார் வாட்கின்ஸ்.

இன்னொரு சங்கடமும் உண்டு. சின்ன நெகட்டிவிலிருந்து பெரிய படம் போடும் வசதி அன்று சரியாக இல்லை. நெகட்டிவ் எவ்வளவு பெரியதோ, படமும் அவ்வளவுதான். மலையின் பிரும்மாண்டத்தைக் காட்ட வேண்டுமானால் கண்ணாடியும் பிரும்மாண்டமாக இருக்க வேண்டும்!

ஆகவே வாட்கின்ஸ் தச்சரைக் கொண்டு ஒரு ராட்சதக் காமிரா செய்துகொண்டார். அதில் 18 அங்குல அகலமும் 22 அங்குல நீளமும் உள்ள கண்ணாடியைப் பொருத்தலாம். ஒவ்வொரு கண்ணாடியும் ஒரு சிறு ஜன்னல் அளவு! கழுதை கால் இடறினால் பல நாள் பாடு சுக்கு நூறு!

1861-ம் ஆண்டுக் கோடையில் அவர் யோசெமிட்டிக்குள் நுழைந்தார். அவருக்கு முன்பே, 1859-ம் ஆண்டில், சார்லஸ் வீட் என்பவர் அங்கே படம் எடுத்திருந்தார். ஆனால் இவ்வளவு பெரிய படம் எவரும் எடுத்ததில்லை. திரும்பி வரும்போது வாட்கின்ஸிடம் 30 பெரிய நெகட்டிவ்களும், இரட்டைக் கண்ணாடி வழியாகப் பார்க்கும் 100 சிறு படங்களும் இருந்தன.

காற்று அடித்தால் இலை ஆடும். இலை ஆடினால் படம் கலங்கும். ஆகவே காற்று அடங்கிய வேளைக்காக அவர் காத்திருந்தார். ஓடும் அருவி மட்டும் நிற்காதே! அது அவர் படங்களில் பால் வழிவது போல விழுந்தது. அதுவே ஓர் அழகாகிவிட்டது.

லிங்கன் போட்ட கையெழுத்து

அது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்த காலம். அண்ணன் தம்பிகள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். 1862-ம் ஆண்டு இறுதியில் நியூயார்க் நகரத்தில் வாட்கின்ஸின் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. போர்ச் செய்தி படித்துச் சலித்த ஜனங்கள் அந்தப் படங்களைப் பார்த்தார்கள். "நம் நாட்டில் இப்படி ஓர் இடம் இருக்கிறதா!" என்று வியந்தார்கள்.

1864-ம் ஆண்டுத் தொடக்கத்தில், யோசெமிட்டியைக் காப்பாற்ற வேண்டும் என்று கலிபோர்னியாவின் செனட்டர் கானஸ் என்பவருக்கு ஒரு கடிதம் போயிற்று. கடிதத்தோடு போட்டோக்களும் போயின. கானஸ் மசோதா கொண்டு வந்தார். 1864-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி, ஜனாதிபதி லிங்கன் அதில் கையெழுத்திட்டார்.

சட்டம் சொன்னது இதுதான்: அந்தப் பள்ளத்தாக்கும், பெரிய மரங்கள் உள்ள மாரிபோசா தோப்பும் எந்தக் காலத்திலும் தனியார் கைக்குப் போகக் கூடாது. பொதுமக்கள் பார்த்து இன்புறுவதற்காகவே இருக்க வேண்டும்.

இதில் ஓர் ஆச்சரியம் உண்டு. லிங்கன் தம் வாழ்நாளில் யோசெமிட்டியைப் பார்த்ததே இல்லை! சட்டத்துக்குக் கை தூக்கியவர்களிலும் பெரும்பாலோர் பார்த்ததில்லை. அந்த மலைகள் அவர்கள் இருந்த ஊருக்குப் போக முடியாது. படங்கள் போயின.

இது நடந்து 8 ஆண்டுகளுக்குப் பின், 1872-ல், யெல்லோஸ்டோன் உலகத்தின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. அங்கும் ஜாக்சன் என்பவர் எடுத்த போட்டோக்கள் பேருதவி செய்தன.

படத்தில் இல்லாதவர்கள்

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கு ஆள் இல்லாத காடு அல்ல. அவானிச்சி என்ற பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள். 1851-ம் ஆண்டில் ஆயுதம் தாங்கிய வெள்ளையர் படை புகுந்து, குடிசைகளைக் கொளுத்தி, அவர்களை விரட்டியது. பிறகு சிலர் திரும்பி வந்தார்கள். ஆனால் வாட்கின்ஸின் புகழ் பெற்ற படங்களில் மலையும் மரமும் நீரும்தான் தெரிகின்றன. மனிதர்கள் வாழ்ந்த நிலம் என்பது அவற்றில் தெரிவதில்லை.

காமிரா பொய் சொல்லாது என்பார்கள். ஆனால் சட்டத்துக்கு வெளியே விட்டதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. படம் பார்ப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எரிந்து போன வாழ்வு

வாட்கின்ஸுக்குப் புகழ் வந்தது. 1867-ம் ஆண்டில் பாரிஸ் பொருட்காட்சியில் பதக்கம் கிடைத்தது. யோசெமிட்டியில் ஒரு மலைக்கே அவர் பெயரை வைத்தார்கள். ஆனால் பணம் நிற்கவில்லை. அவர் கலைஞர், வியாபாரி அல்ல.

1870-களின் நடுவில் கடன் முற்றியது. ஸ்டூடியோ போயிற்று. அதோடு நெகட்டிவ்களும் போயின! வேறொரு போட்டோக்காரர் அவற்றிலிருந்து பிரதி போட்டு விற்றார். வாட்கின்ஸின் பெயர் அதில் இல்லை.

50 வயதை நெருங்கிக்கொண்டிருந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? மறுபடி மலை ஏறினார்! பழைய இடங்களுக்கே போய், மறுபடி படம் எடுத்தார். "புதிய வரிசை" என்று அதற்குப் பெயர் வைத்தார். 50 வயதில்தான் கல்யாணமும் செய்துகொண்டார். இரண்டு குழந்தைகள் பிறந்தன.

1890-களில் கண் பார்வை மங்கத் தொடங்கியது. வாடகை கொடுக்க வழியில்லாமல், மனைவி மக்களோடு பழைய ரெயில் பெட்டி ஒன்றில் ஒன்றரை ஆண்டு குடியிருந்தார்.

1906-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி. விடியற்காலை 5 மணி 12 நிமிடம். சான்பிரான்சிஸ்கோ நகரம் குலுங்கியது. பூகம்பம்! தொடர்ந்து தீ. நாள் கணக்கில் நகரம் எரிந்தது.

வாட்கின்ஸின் நெகட்டிவ்களையும் படங்களையும் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ப்பதற்கு அப்போதுதான் ஏற்பாடு நடந்து கொண்டிருந்தது. எல்லாம் சாம்பலாயிற்று. கையில் தடி ஊன்றிய 76 வயதுக் கிழவரை, ஒருவர் கைத்தாங்கலாகத் தீயிலிருந்து அழைத்துப் போகும் போட்டோ ஒன்று இருக்கிறது. ஆயிரக் கணக்கில் படம் எடுத்தவரின் மிகத் துயரமான படம் அதுதான்.

அந்த அதிர்ச்சியிலிருந்து அவர் மீளவில்லை. 1910-ம் ஆண்டில் அவரை மனநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். 1916-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி அங்கேயே காலமானார். மருத்துவமனை நிலத்திலேயே புதைத்தார்கள். அடையாளக் கல் கூட நடவில்லை.

மூக்கு உடைந்த சிறுவன்

அதே பூகம்பம் இன்னொருவரையும் தொட்டது. சான்பிரான்சிஸ்கோவில் ஒரு வீட்டில் 4 வயதுக் குழந்தை. பூமி மறுபடி குலுங்கியபோது தோட்டத்துச் சுவரில் போய் மோதி விழுந்தான். மூக்கு உடைந்தது. அந்தக் கோணல் மூக்கு கடைசி வரை நேராகவே இல்லை. அவன் பெயர் ஆன்சல் ஆடம்ஸ்.

வாட்கின்ஸ் கண் மூடிய அதே 1916-ம் ஆண்டு ஜூன் மாதத்தில், 14 வயதான ஆன்சல் பெற்றோருடன் யோசெமிட்டிக்குப் போனான். அங்கே அவனுக்குக் கிடைத்தது ஒரு சிறிய கோடக் பெட்டிக் காமிரா.

ஒரு பட்டுப்போன மரக்கட்டையின் மேல் ஏறி அரைக் கோளப் பாறையைப் படம் எடுக்கப் பார்த்தான். கட்டை முறிந்தது. தலைகீழாக விழும்போது விரல் தானாகப் பொத்தானை அழுத்திவிட்டது. படம் தலைகீழாக விழுந்தது. அந்தப் படத்தை அவர் பிற்காலத்திலும் ஆசையோடு வைத்திருந்தார்!

கடைசித் தகடு

1927-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி. இளைஞரான ஆடம்ஸ், தாம் மணக்க இருந்த பெண்ணுடனும் நண்பர்களுடனும் பனியில் மலை ஏறினார். கையில் 12 கண்ணாடித் தகடுகள். அரைக் கோளப் பாறையின் எதிரே போய் நிற்கும்போது மீதி இருந்தவை இரண்டே இரண்டு!

மஞ்சள் வடிகண்ணாடி போட்டு ஒன்றை எடுத்தார். எடுத்த மறுகணம் யோசித்தார். "நம் கண் முன்னே பாறை பயங்கரமாக நிற்கிறது. படத்தில் அந்தப் பயங்கரம் வராதே!" என்று பட்டது.

கடைசித் தகட்டுக்கு ஆழ்ந்த சிவப்பு வடிகண்ணாடியைப் போட்டார். சிவப்புக் கண்ணாடி, நீல ஒளியை உள்ளே விடாது. ஆகவே நீல வானம் கறுப்பு வெள்ளைப் படத்தில் கன்னங்கரேல் என்று விழும். அப்படியே விழுந்தது. கறுத்த வானத்தின் முன்னே பாறை பூதம் போல எழுந்து நின்றது.

படம் எப்படி வர வேண்டும் என்பதை முதலில் மனக்கண்ணால் பார்க்க வேண்டும். பிறகுதான் பொத்தானை அழுத்த வேண்டும். ஆடம்ஸ் கற்ற முதல் பாடம் இது. கடைசி வரை மாணவர்களுக்கு அவர் சொன்ன பாடமும் இதுதான்.

1941-ம் ஆண்டு, நியூ மெக்சிகோ மாநிலத்தில் காரில் போய்க்கொண்டிருந்தார். ஒரு சிற்றூரின் மேல் நிலா எழுந்திருந்தது. கல்லறைச் சிலுவைகளில் மாலை வெயில் பட்டுப் பளபளத்தது. காரை நிறுத்தி ஓடினார். ஒளியை அளக்கும் கருவியைக் காணோம்! ஆனால் நிலாவின் ஒளி எவ்வளவு என்ற கணக்கு அவருக்கு மனப்பாடம். அதை வைத்தே படம் எடுத்தார். இரண்டாவது படத்துக்குத் தயாராவதற்குள் வெயில் போய்விட்டது. அந்த ஒற்றைப் படம் உலகப் புகழ் பெற்றது. எடுத்த தேதியை அவர் குறித்து வைக்கவில்லை. பிற்காலத்தில் வானியல் வல்லுநர், படத்தில் நிலா இருந்த இடத்தைக் கொண்டு நவம்பர் 1 என்று கணக்கிட்டார்!

வாட்கின்ஸைப் போலவே ஆடம்ஸும் மலைகளுக்காக வாதாடினார். தம் படங்களோடு தலைநகர் வாஷிங்டனுக்குப் போனார். 1938-ல் அந்த மலைகளைப் பற்றிப் படப் புத்தகம் வெளியிட்டார். அது ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வரை போயிற்று. 1940-ல் கிங்ஸ் கான்யன் என்ற பகுதியும் தேசியப் பூங்கா ஆயிற்று. ஆடம்ஸ் 1984-ம் ஆண்டில் காலமானார்.

நீங்களும் எடுக்கலாம்

இன்று கண்ணாடியும் வேண்டாம், கழுதையும் வேண்டாம். செல்போன் இருந்தால் போதும். ஆனால் அவர்கள் கற்ற பாடங்கள் மாறவில்லை.

முதலில், நேரம். நடுப்பகல் வெயிலில் மலை தட்டையாகத் தெரியும். காலையிலும் மாலையிலும் வெயில் பக்கவாட்டில் விழும். அப்போது மேடு பள்ளங்கள் நிழலோடு எழுந்து நிற்கும்.

இரண்டாவது, முன்புறம். தூரத்து மலையை மட்டும் எடுத்தால் படத்தில் அது சின்னதாகிவிடும். பக்கத்தில் ஒரு பாறையோ, ஒரு மரக்கிளையோ, ஓர் ஒற்றையடிப் பாதையோ சேர்ந்தால்தான் தூரம் தெரியும்.

மூன்றாவது, அளவு. மலை எவ்வளவு பெரியது என்பதைக் காட்ட, அதன் அடியில் ஓர் ஆளோ மாடோ நின்றால் போதும்.

நான்காவது, அசையாமை. வெளிச்சம் குறைந்த வேளையில் காமிரா கூடுதல் நேரம் திறந்திருக்கும். கை நடுங்கினால் படம் கலங்கும். மூன்று கால் தாங்கி இல்லாவிட்டால் ஒரு கல்லின் மேல் வைத்து எடுக்கலாம். பெரிய காமிரா வைத்திருப்பவர்கள் ஒளி புகும் துவாரத்தைச் சிறியதாக்கினால், அருகில் உள்ள புல்லும் தூரத்து மலையும் ஒருங்கே தெளிவாக விழும்.

ஐந்தாவது, வானம். செல்போனில் படம் எடுக்கும்போது வானம் வெள்ளையாக வெளுத்துப் போகிறதா? திரையில் வானத்தின் மேல் விரலை வைத்துத் தொடுங்கள். வெளிச்சம் குறைந்து மேகம் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே இடத்துக்கு மறுபடி மறுபடி போக வேண்டும். வாட்கின்ஸ் பல முறை போனார். ஆடம்ஸ் வாழ்நாள் முழுவதும் போனார். மழைக்கு முன் ஒரு முகம், மழைக்குப் பின் ஒரு முகம் என்று ஓர் ஏரிக்கரைக்குக் கூட நூறு முகம் உண்டு. ஏரி சுருங்கினாலும், மரம் குறைந்தாலும், அடிக்கடி போகிறவரின் படம்தான் அதைச் சாட்சி சொல்லும்.

வாட்கின்ஸ் இறந்து இரண்டே மாதத்தில், 1916 ஆகஸ்டு 25-ந் தேதி, தேசியப் பூங்காக்களைப் பராமரிக்கும் தனி இலாகாவை அமெரிக்க அரசு அமைத்தது. அதைக் கேட்க அவர் இல்லை. அவர் பேர் கொண்ட மலை மட்டும் யோசெமிட்டியில் சுமார் 8,500 அடி உயரத்தில் நிற்கிறது. கீழே உள்ள ஏரி நீரில் அதன் நிழல் விழுகிறது. அந்த நிழலையும் சேர்த்து ஒரு காலத்தில் படம் எடுத்தவர் வாட்கின்ஸ்தான்.